அப்பா இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகம்

குமாரபாளையம்,
புதன்கிழமை.

அன்பு மகன் நிலவனுக்கு, அம்மா எழுதிக்கொண்டது. நீயும் கயல்விழியும் பேரனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காளியம்மனைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். அந்தக் கனடாப் பனியில் பிள்ளையின் காதை மூடாமல் வெளியே தூக்கிப் போகாதீர்கள், போன தடவை அனுப்பிய போட்டோவில் குல்லா ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, நான் சொன்னேன் என்று கயல்விழியிடம் சொல்லி அவள் மனசைச் சங்கடப்படுத்தாதே, நீயே பார்த்து இழுத்துவிடு. இந்த இடத்தில் இங்கு யாவரும் நலம் என்று ஒரு வரி எழுத வேண்டும். இரண்டு தாளில் எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன் சாமி. இந்தத் தடவை அந்த வரி இல்லாமல்தான் நீ படித்துக்கொள்ள வேண்டும்.

வாராவாரம் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பேசும்போது உன் அப்பா என் தோளை இடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். தனியாகப் பேசலாம் என்றால் அவருக்குக் கண் மங்க மங்கக் காது பாம்புக் காதாகிவிட்டது, சமையலறையில் நான் கடுகு டப்பாவைத் திறந்தால் கூடத்திலிருந்து இன்னைக்கு என்ன தாளிப்பு என்கிறார். செய்தி அனுப்பலாம் என்றால் ஜெராக்ஸ் கடை மாதேஷ் நம் போனில் ஏதோ மாற்றிக் கொடுத்துவிட்டான், வருவது போவது அத்தனையையும் ஒரு பெண்குரல் ஊரைக் கூட்டி வாசிக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். தபால் ஆபீசில் வெளிநாட்டுக்கு எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று கேட்டதற்கு அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள், பார்த்தால் பார்க்கட்டும்.

அப்பாவின் கண்ணைப் பற்றி அவர் உன்னிடம் சொன்னது என்ன, வலது கண்ணில் கொஞ்சம் பிரஷர், சொட்டு மருந்து விடுகிறேன், போகப் போகச் சரியாகிவிடும். அது சரியாகிற வியாதி இல்லை. போனது போனதுதான், ஒழுங்காக மருந்து விட்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றுதான் சேலத்து டாக்டர் முதல் நாளே சொன்னார். வலது கண் முழுசாகப் போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது, பெரிய லென்ஸ் வைத்தால் எழுத்து பிடிபடுகிறது என்று என்னிடம் சொல்லியிருந்தார், நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய, காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டுவார், மின்வாரியத்தில் கம்பம் ஏறின காலத்திலேயே சோற்றுப் பையில் புத்தகம் வைத்துக்கொண்டு போன மனுஷன், கண் போனாலும் விட மாட்டேன் என்கிறாரே என்று காப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவேன். அவனுக்கு ஒண்ணும் சொல்லாதே, அங்க அவன் பாட்டை அவன் பார்க்கட்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது உடைக்கிறேன், பாவம் வந்தால் வரட்டும். இது பரம்பரையாகவும் வரும் என்று டாக்டர் சொன்னார், ஆகவே நீ உன் கண்ணையும் போய்க் காட்டு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதே.

நீ போன பிறகு இங்கே ஒரு வாசகர் வட்டம் ஆரம்பித்தார்கள். மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் மாதேஷ் கடை மாடியில் கூடுவார்கள், பத்துப் பேர் வந்தால் அதிகம். நூல் வியாபாரி வீரபாகு வருவார், சாயப்பட்டறை ஆபீசில் வேலை பார்க்கிற ஸ்ரீதேவி பவானியிலிருந்து பாலம் தாண்டி வருவாள். வேலைவெட்டி இல்லாத கூட்டம் என்று நான் கேலி பேசுவேன், ஆனால் அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு, அதை மட்டும் யாரும் மீற மாட்டார்கள். படித்து முடித்ததைப் பற்றி அங்கே பேசக்கூடாது, இப்போது கையில் இருக்கிற புத்தகத்தைப் பற்றி மட்டும்தான். அதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், எதுவரை வந்திருக்கிறேன் என்று கதையைச் சொல்ல வேண்டும், முடிவை மட்டும் சொல்லவே கூடாது. ஏனென்றால் முடித்ததும் அந்தப் புத்தகம் அடுத்த ஆளுக்குப் போயாக வேண்டும், அடுத்து யார் என்பதில் அங்கே அடிதடி நடக்காத குறைதான். உன் அப்பாவுக்கு மாதம் முழுக்க அந்த ஒரு சாயங்காலத்து நினைப்புதான். சனிக்கிழமையே வேட்டியைத் துவைத்துப் போடச் சொல்லுவார்.

கார்த்திகை மாதம் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன், ஸ்ரீதேவி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஏனுங்கக்கா, அய்யா அந்தப் புத்தகத்தை முடிச்சுட்டாருங்களா, அடுத்தது எனக்குத்தானுங்க, வீரபாகு அண்ணன் ஊட்டுக்கு வந்து கேட்டாருன்னா குடுத்துராதீங்க என்றாள். எந்தப் புத்தகம் என்று கேட்டேன். அதானுங்க, பழுப்பு அட்டை போட்டு வெச்சிருப்பாருங்களே, பேரை முடிச்சுட்டுத்தான் சொல்லுவேன்னு எங்களைக் காக்க வெச்சிருக்காருங்க என்று சொல்லிவிட்டு, அவர் மாதாமாதம் சொல்லி வந்த கதையை எனக்கு அங்கேயே நின்று சொன்னாள். ஆற்றங்கரை ஊரில் ஒரு பெரியவர். பார்வை போய்க்கொண்டே இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. முதலில் சைக்கிளை ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறார். பிறகு நல்ல சட்டைகளைக் கொடுத்துவிடுகிறார். பிறகு வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, தனக்குப் பின்னால் பென்ஷனுக்கு எந்த ஆபீசுக்குப் போக வேண்டும் என்று பெண்டாட்டிக்குப் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைக்கிறார். வெளிநாட்டில் இருக்கிற மகன் போனில் வரும்போது முகம் தெரிகிற மாதிரியே பேசுகிறார். விடிந்ததும் ஆற்றுக்குப் போய்ப் படித்துறையில் நின்றுவிட்டு வருகிறார், கொஞ்ச நாளைக்கு ஒரு தடவை இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறார். போன மாசம் இடுப்பளவு தண்ணிக்கு வந்துட்டாருங்கக்கா, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, எந்தப் பாவி எழுதுனானோ இப்பிடி என்றாள் ஸ்ரீதேவி, சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தனையும் நம் வீட்டில் நடந்தது. சைக்கிள் ஆடியிலேயே பால்காரருக்குப் போய்விட்டது, இனி ஓட்ட முடியாது, துருப்பிடிக்கிறதுக்குப் பதிலா யாராவது ஓட்டட்டும் என்றார். உன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டார். பென்ஷன் ஆபீசுக்கு எந்தப் பஸ் என்று எனக்கு இரண்டு தடவை சொல்லியாயிற்று. நீ கவனித்தாயோ என்னவோ, தீபாவளிக்குப் பேசும்போது நீலச் சட்டை நல்லா இருக்குதுடா என்று நான் சொன்னேன், கொஞ்ச நேரம் கழித்து அவரும் அந்த நீலச் சட்டை உனக்கு எடுப்பா இருக்குது, ஆனா இளைச்சுட்டே என்றார். நீகூடச் சிரித்தாய். அவருக்கு அன்றைக்கு உன் முகமும் தெரியவில்லை, சட்டையும் தெரியவில்லை சாமி.

தக்காளியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் குளிக்கப் போயிருந்தார். அந்தப் பழுப்பு அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நம் வீட்டில் கம்பி போன் இருந்த காலத்து டெலிபோன் டைரக்டரி. வெறும் பேரும் நம்பரும். அதைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தைத் தள்ளித் தள்ளி, மாடியில் அத்தனை பேர் முன்னால் தன் கதையைப் புத்தகம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். லென்ஸைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்ததும் இதைத்தான். படித்தவர்கள், உலகத்தில் இல்லாத புத்தகத்துக்கு வரிசை கட்டி நிற்கிறார்கள். வீரபாகு ஈரோட்டில் புத்தகக் கடை கடையாகப் போய், கண்ணு தெரியாத பெரியவரு, ஆத்துப் படித்துறை, அந்தப் புத்தகம் குடுங்க என்று கேட்டு, ஒரு கடைக்காரன் ஆன்மீகப் புத்தகம் ஒன்றைத் தலையில் கட்டிவிட்டானாம். சிரிப்பும் வந்தது, சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. அட்டையை இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து நான் சும்மா இருக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். நானே வாசித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன், இரண்டு பக்கம்கூடப் போகவில்லை, ரேசன் கடையில பேர் கூப்புடற மாதிரி வாசிக்கிறே, நிறுத்து அம்மிணி என்றார். போனில் புத்தகம் வாசிக்கிற குரலை மாதேஷ் போட்டுக் கொடுத்தான், மூச்சே விடாம வாசிக்குதுடா, அது பொணம், அதுகிட்டயா நான் கதை கேக்கறது என்று அணைத்துவிட்டார். சொட்டு மருந்துப் புட்டியைத் தூக்கிப் பார்த்தால் வாங்கி வந்த கனம் அப்படியே இருக்கிறது, இப்போது நானே தலையைப் பிடித்து வைத்து விடுகிறேன். டாக்டரிடம் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தனியாக எல்லாம் சொன்னேன். டாக்டர் பதறிப்போய், தனியா விடாதீங்கம்மா, இது கண்ணோடு நிற்கிற விஷயம் இல்லை என்று மனசுக்குப் பார்க்கிற டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். உன் அப்பா பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, எனக்கென்ன பைத்தியமா, உனக்குத்தான் பைத்தியம் என்று கத்தினார், பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். காலையில் ஆற்றுக்குப் போனால் நானும் பின்னாலேயே போகிறேன். வேட்டி எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பதே என் வேலையாகிவிட்டது நிலவா. ராத்திரி கதவைப் பூட்டிச் சாவியை என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். எனக்கும் வயசாகிறது, எத்தனை நாளைக்குக் காவல் காப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம். படியேறக் கை கொடுக்கிறேன் என்று சாக்குச் சொல்லி நானும் முதல் தடவையாக அந்த மாடிக்குப் போனேன். ஒவ்வொருவரும் எழுந்து தன் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டிச் சொன்னார்கள். உன் அப்பா முறை வந்தபோது எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவர் டைரக்டரியை விரித்தார். என்ன அழகாகச் சொல்லுகிறார் தெரியுமா, விடியற்காலைப் பனியும் தண்ணீர்ச் சத்தமும் நம் காலில் படுகிற மாதிரி. பெரியவர் நெஞ்சளவு தண்ணீரில் நிற்கிறார், கரை எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை என்று சொல்லி நிறுத்தினார். அடுத்தது கடைசி அத்தியாயமுங்க, நம்ம சட்டப்படி அதைச் சொல்லக்கூடாதுங்களே என்று சிரித்துக்கொண்டே புத்தகத்தை மூடினார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டினார்கள் சாமி, அந்த நல்ல மனுஷர்கள், ஒன்றும் தெரியாமல்.

எனக்குள் என்ன புகுந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன். நானும் அதே புத்தகந்தானுங்க படிச்சுட்டு இருக்கேன் என்றேன். அவர் முகம் என் குரல் வந்த பக்கம் திரும்பியது. வீரபாகு, அப்பிடீங்களா, நீங்க எதுவரைக்கும் வந்திருக்கீங்க என்று கேட்டார். அவரைவிடக் கொஞ்சம் முன்னாடி போயிட்டேனுங்க என்றேன். ஜென்மத்தில் நான் ஒரு கதை கட்டியதில்லை, உன்னைத் தூங்கவைக்கக்கூட எனக்குக் கதை வந்ததில்லை. அன்றைக்குச் சொன்னேன். அந்தப் பெரியவரோட பையன் வாரானுங்க, கோயமுத்தூர்ல இறங்கி, யாருக்கும் சொல்லாம பஸ் புடிச்சு, பாலத்துக்கிட்ட இறங்கி, ஊட்டுக்குக்கூடப் போகாம பையோட நேராப் படித்துறைக்கு வாரானுங்க, மேல் படியில நின்னு அப்பான்னு ஒரு சத்தம் குடுக்கறானுங்க, அவருக்குக் கரை எந்தப் பக்கம்னு தெரிஞ்சு போச்சுங்க என்றேன். மாதேஷ், அக்கா, முடிவைச் சொல்லக்கூடாதுங்க என்று மெதுவாகச் சொன்னான். இது முடிவில்லீங்க தம்பி, இதுக்கப்புறமும் நெறையா இருக்குது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்ரீதேவி என்னைப் பார்த்தாள், அவர் மடியில் இருந்த பழுப்பு அட்டையைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. எழுந்து அவரிடம் போய், அய்யா, எனக்கு அந்தப் புத்தகம் இப்ப வேண்டாமுங்க, அவசரமே இல்லீங்க, நீங்க மெதுவா, வருசக்கணக்குல வெச்சுப் படிங்க என்றாள். அவர் வீடு வரைக்கும் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் ஆற்றுக்கு நானும் இறங்கினேன். மேலேயே நில்லு என்றார், நிற்கவில்லை, சேலையோடு அவருக்கு ஒரு படி கீழே போய் நின்றுகொண்டேன், இறங்குவதானால் என்னைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். மாசிக் குளிரில் பல் கிட்டியது. உங்களுக்கு என்னதானுங்க குறை என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். புத்தகமில்லாத ஆளு அந்த மாடியில எதுக்கு அம்மிணி, எல்லாரும் எந்திரிச்சு ஒண்ணொண்ணு சொல்லுவாங்க, நான் எதைச் சொல்லிட்டு ஒக்காருவேன், கடைசியா எங்கிட்ட மிச்சமிருந்த கதை இது ஒண்ணுதான் என்றார். நான், நேத்து நான் சொன்னதையும் கேட்டீங்கதானே, பையன் வாரானுங்களே என்றேன். அவர் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே, கோபமில்லாமல், எனக்கு ஆறுதல் சொல்லுகிற மாதிரி சொன்னார்: உன்னோடது வேற பதிப்பு அம்மிணி. எங்கிட்ட இருக்கறதுல அவன் வரலை.

நிலவா, அந்த ஊரில் தங்குவதற்கான காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை, இப்போது வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. கயல்விழி வேலை, பிள்ளை, வாங்கிய வீடு, எல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். வா என்று எழுதினால் உன் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் ஆவேன். வராதே என்று எழுதப் பார்த்தேன், அதையும் எழுத முடியவில்லை. அடுத்த இரண்டாவது ஞாயிறு வந்துகொண்டே இருக்கிறது, அவரிடம் ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி. என் பேச்சை அவர் நம்பவில்லை, டாக்டரை நம்பவில்லை, தெய்வத்தை எப்போதுமே நம்பினதில்லை. எனக்கு இதற்குமேல் வழி தெரியவில்லை கண்ணு, இந்த வயசில் இப்படி ஒரு கடிதம் உனக்கு எழுதுவேன் என்று நினைக்கவே இல்லை.

நீயும் கயல்விழியும் பேரனும் நோய் நொடியில்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும், எடுத்த காரியம் எல்லாம் கூடி வர வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. ஒன்றே ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வருவதாக முடிவெடுத்தால் தேதியை என்னிடம் சொல்லாதே, போன் போட்டு உன் அப்பாவிடமே சொல். நான் சொன்னால் அதையும் நான் கட்டிய கதை என்றுதான் நினைப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
ம. சென்னியம்மாள்